இரு நீர்க்கோட்டைகள்

வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் பெருவழியும், திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் வழியும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் ஒரகடம் என்னும் ஊர் உள்ளது. நான் பிறந்த சிற்றூர் அதற்கு அணித்தே இருக்கிறது. என் இளமையில் அந்நாற்சந்தியில் மாட்டு வண்டிகள் இளைப்பாறி நிற்கும். வைக்கோற்போர் ஏற்றிய வண்டி வந்தால் ஏனைய வண்டிகள் ஒதுங்கி வழிவிடும். இன்று அவ்வழியே புத்தம்புதிய மகிழுந்துகளைச் சுமந்துகொண்டு நீண்ட சுமையுந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. 2010ஆம் ஆண்டில் நிசான், ரெனோ என்னும் இரு நிறுவனங்களும் கூடி அமைத்த தொழிற்சாலை இங்கே திறக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வந்த தொழிற்சாலைகள் பல. சாலையோர உணவு விடுதிகளின் பலகைகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் ஜப்பானிய எழுத்துகளும் இடம்பெற்றுவிட்டன.

அத்தொழிற்சாலைகளுள் ஒன்றன் வாயிலில் ‘கோமத்சு’ என்ற பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். மண் அகழவும், அகழ்ந்த மண்ணைச் சுமக்கவும் உதவும் பேருருவப் பொறிகளைச் செய்யும் நிறுவனம் அது. எங்கள் பகுதியில் குடியிருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவரிடம், அப்பெயர் எதனைக் குறிக்கும் என்று ஒருநாள் வினவினேன். அவர் தாம் கற்றிருந்த சில தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலத்தையும் கலந்து விடை கூறினார். “அது ஓர் ஊரின் பெயர், ஐயா. சிறிய பைன் மரம் என்பது பொருள். நிறுவனம் 1921இல் அவ்வூரில் தோன்றியது. அங்கே நீரில் மிதப்பது போன்ற கோட்டை ஒன்று இருந்தது. உங்கள் பகுதியிலும் கோட்டை உண்டோ?” என்றார். “உண்டு, அதுவும் நீர் சூழ்ந்த கோட்டையே” என்றேன். அவர் வியப்புற்றார். அன்று முதல் இவ்விரு கோட்டைகளின் வரலாற்றையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

கோமத்சு ஊர் ஜப்பானின் மேற்குக் கடற்கரையை ஒட்டியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாடு தோக்குகாவா மரபினரின் தலைமைக்கு உட்பட்டது. ஆயினும் நாடு முழுவதையும் அவர்களே நேராக ஆளவில்லை. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாக நிலம் பகுக்கப்பட்டிருந்தது. அச்சிற்றரசுக்கு ‘ஹான்’ என்றும், அதன் தலைவனுக்கு ‘டைமியோ’ என்றும் பெயர். கோமத்சுவை ஆண்ட சிற்றரசு காகா எனப்படும். மாயேதா என்ற குடியினர் அதன் தலைவர்கள். கனசாவா அவர்களின் தலைநகர்.

ஒரு சிற்றரசு பெரிதா, சிறிதா என்பதை அந்நாட்டார் அளந்த முறை கருதத்தக்கது. அவர்கள் நிலத்தின் பரப்பைக் கொண்டு அளக்கவில்லை. படையின் தொகையைக் கொண்டும் அளக்கவில்லை. அந்நிலம் ஆண்டுதோறும் எத்துணை அரிசி தரும் என்று மதிப்பிட்டு, அதனைக் கொண்டே தலைவனின் பெருமையை வரையறுத்தனர். அவ்வளவையின் பெயர் ‘கொக்கு’. (நம் ஏரிக்கரையில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் கொக்கிற்கும் அதற்கும் உறவில்லை!) ஒரு கொக்கு என்பது ஏறத்தாழ 180 லிட்டர், அரிசியாக நிறுத்தால் 150 கிலோ அளவில் இருக்கும். ஓர் ஆள் ஓராண்டு உண்பதற்குப் போதிய அரிசி அது என்பது பழைய கணக்கு. பதினாயிரம் கொக்கு விளையும் நிலமுடையவனே டைமியோ ஆகலாம். காகா சிற்றரசின் மதிப்போ பத்து இலட்சம் கொக்குக்கும் மேல். டைமியோக்களின் நிலங்களுள் அதனினும் பெரியது வேறில்லை.

1615இல் தோக்குகாவா அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு சிற்றரசுக்கு ஒரு கோட்டையே இருத்தல் வேண்டும். ஏனையவற்றை இடித்துவிட வேண்டும் என்பது அவ்வாணை. கோட்டை மிகுந்தால் கலகமும் மிகும் என்ற அச்சமே காரணம். அவ்வாறிருந்தும், மாயேதா தொசித்சுனே என்னும் மூன்றாம் தலைவர் ஆட்சியை மகனிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றபோது, கோமத்சுக் கோட்டையைத் தம் உறையுளாகக் கொள்ள அவருக்கு இசைவு கிடைத்தது. 1640இல் அவர் அங்கே குடிபுகுந்தார். ஆற்றுநீரை அகழிகளில் பாய்ச்சி, கோட்டையின் பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாகத் தோன்றுமாறு அதனை விரிவாக்கினார். தலைநகரான கனசாவாவின் கோட்டையைக் காட்டிலும் அது பரந்தது. மிதக்கும் கோட்டை என்று மக்கள் அதனை வழங்கினர்.

ஓய்வு பெற்றவர் என்றேன். ஆனால் அவர் வாளா இருந்தவர் அல்லர். உழவர் கடனில் மூழ்கி ஊரை விட்டு நீங்குவதையும், வீரர்கள் தத்தம் பங்கு நிலத்தில் தாமே வரி தண்டி உழவரை வருத்துவதையும் கண்டார். 1651 முதல் சில ஆண்டுகளில் காகா முழுவதும் ஒரு சீர்திருத்தத்தை நடத்தினார். வீரர்கள் நேரே வரி தண்டுவது நிறுத்தப்பட்டது. பழைய கடன்கள் தள்ளப்பட்டன. பயிர்க்காலத்தில் உண்ண அரிசியில்லாத குடிகளுக்கு அரிசி கடனாகக் கொடுக்கப்பட்டது. அதன்பின் வரி இவ்வளவு என்று நிலையாக வரையறுக்கப்பட்டது. இதனை அருட்செயல் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. உழவன் நிலைத்திருந்தால் அரிசி தவறாது வந்துசேரும் என்ற கணக்கும் இதனுள் அடங்கியிருந்தது. விளைவு உயர்ந்தபோது வரியும் உயரவே செய்தது. எனினும், கோட்டைக்குள் இருந்தவர் வயலைப் பார்த்தார் என்பதை மறுத்தற்கில்லை.

இனி நம் கோட்டைக்கு வருவோம். ஒரகடத்திலிருந்து தென்திசை நோக்கிச் சிங்கப்பெருமாள் கோயில் வழியே சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் செங்கற்பட்டை அடையலாம். செங்கழுநீர்ப்பட்டு என்பதே அவ்வூரின் பழம்பெயர். செங்கழுநீர்ப் பூக்கள் நிறைந்த நீர்நிலைகளால் வந்த பெயர் அது. செங்கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயரே அவ்வூரின் நிலவியலைச் சொல்லிவிடுகிறது. ஒருபுறம் ஏரி, பிற புறங்களில் சேறும் சதுப்பும், சற்றுத் தெற்கே பாலாறு. பகைவரின் குதிரையும் பீரங்கியும் எளிதில் அணுக இயலாத இவ்விடத்தில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர மரபினர் கோட்டை எழுப்பினர். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பின்னர் அவர்கள் தெற்கு நோக்கி ஒதுங்கிப் பெனுகொண்டா, சந்திரகிரி முதலிய இடங்களிலிருந்து ஆண்டனர். செங்கற்பட்டும் அக்காலத்தில் அவர்களுக்கு ஓர் அரணாக விளங்கிற்று.

அக்கோட்டை வரலாற்றில் பலமுறை கைமாறியது. 1751இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே இராபர்ட் கிளைவு அதனை மீட்கப் புறப்பட்டான். அவனிடம் இருந்த படை நகைப்புக்குரியது: இங்கிலாந்திலிருந்து அப்பொழுதுதான் வந்திறங்கிய இருநூறு பேர், புதிதாகச் சேர்க்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஐந்நூறு பேர். முதலில் கோவளத்துக் கோட்டையைத் தாக்கச் சென்றபோது, ஒருவன் குண்டடிபட்டு வீழ்ந்ததும் மற்றவர் யாவரும் புறமுதுகிட்டனர். பீரங்கி ஒலிக்கு அஞ்சி ஓடிய காவலாளி ஒருவனைத் தேடினால், சில மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியிலிருந்து அவனை எடுத்தார்களாம்! இப்படையைக் கொண்டே கிளைவு கோவளத்தை வென்றான். உதவிக்கு வந்த பகைவரை மறைந்திருந்து தாக்கினான். செங்கற்பட்டுக் கோட்டையின் மதிலையும் பிளந்தான். பிரெஞ்சுத் தளபதி கோட்டையை ஒப்படைத்துவிட்டுத் தன் வீரருடன் வெளியேறினான்.

1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையை முற்றுகையிட விரைந்தான். விரைவில் செங்கற்பட்டுக் கோட்டையைக் கைப்பற்றாமலே கடந்து சென்றான். அது அவனுக்குப் பெருந்தீங்காய் முடிந்தது. பிரஸ்டன் என்னும் ஆங்கிலேயனும், கான்சாகிபு என்று நம் நாட்டுப் பாடல்கள் போற்றும் யூசுபுகானும் இக்கோட்டையை இருப்பிடமாகக் கொண்டு லாலியின் பின்புறத்தை ஓயாது தாக்கினர். அவன் படைக்கு வரும் உணவை மறித்தனர். 1759ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவன் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினான். அப்போர் முடிவில் தென்னாட்டில் பிரெஞ்சுக்காரரின் கை தாழ்ந்தது.

இவ்வளவும் கோட்டையின் கதை. போர்களின் கதை எளிதில் நினைவில் நிற்கும். அதனால் நூல்களும் அதனையே மிகுதியாகக் கூறுகின்றன. ஆனால் கோட்டையைச் சுற்றிப் பரந்து கிடந்த நாட்டின் கதையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அக்கதையிலேயே ஒரகடமும் இருக்கிறது.

ஆர்க்காட்டு நவாபு முகமதலி, கும்பினியார் தமக்குச் செய்த போருதவிக்கு ஈடாக 1763இல் சென்னையைச் சூழ்ந்த பெரும்பகுதியை அவர்களுக்கு ஜாகீராக அளித்தார். ஜாகீர் என்பது பாரசீகச் சொல். ஒரு நிலப்பகுதியின் வருவாயை ஒருவர் துய்க்குமாறு அரசர் கொடுக்கும் உரிமையை அது குறிக்கும். காஞ்சிபுரம், செங்கற்பட்டு, கருங்குழி, உத்தரமேரூர், மணிமங்கலம், பூந்தமல்லி, பொன்னேரி முதலிய பகுதிகள் அதனுள் அடங்கின. 1765இல் தில்லிப் பேரரசர் ஷா ஆலமும் இதனை உறுதிப்படுத்தினார். வணிகம் செய்ய வந்தவர்கள் இவ்வாறு ஒரு நவாபின் ஜாகீர்தார்கள் ஆயினர். விந்தை அதனோடு முடியவில்லை. ஆளும் துன்பத்தை மேற்கொள்ள விரும்பாத கும்பினியார், அந்த ஜாகீரை அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டனர்! நவாபோ கடனாளி. அவரிடமிருந்து மேல்குத்தகை, கீழ்க்குத்தகை எனப் பலர் கைமாறி, முடிவில் அத்தனை பேரின் பேராசையையும் சுமந்தவர் களத்துமேட்டில் நின்ற உழவரே ஆவர். காகாவில் நிறுத்தப்பட்ட முறை இங்கே நிலைநாட்டப்பட்டது எனலாம்.

அக்காலத்தில் செய்யப்பட்ட ஒரு நற்செயலையும் சொல்லுதல் கடன். ஜாகீரின் உண்மையான மதிப்பை அறியவேண்டிக் கும்பினியார் தாமசு பார்னார்டு என்னும் பொறியாளரை அளவைக்கு அமர்த்தினர். 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் அளக்கப்பட்டன. அளந்த கணக்கை ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதினர். அவ்வோலைகளுள் பல இன்றும் உள்ளன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவை காக்கப்படுகின்றன. சில ஊர்களின் கணக்குகள் நம் காலத்தில் அச்சேறியும் இருக்கின்றன.

அவற்றைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி எந்தப் போர்க்கதையைப் படித்தும் அடைந்ததில்லை. ஊரில் வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தொழிலார் வாழ்ந்தனர், கோயில்கள் எத்தனை, ஏரி, குளம், கிணறு, தோப்பு, நன்செய், புன்செய், தரிசு, காடு ஆகியவை எவ்வளவு என்பன யாவும் அவற்றில் உள்ளன. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நானூறு மரக்கால் ஒரு கரிசை. இவ்வளவைகளால் ஊரின் விளைவு கணிக்கப்பட்டுள்ளது. கொக்குக் கணக்கை வைத்துச் சிற்றரசை மதித்த ஜப்பானியருக்கும், கரிசைக் கணக்கை வைத்து ஊரை மதித்த நம்மவருக்கும் எத்துணை ஒற்றுமை!

ஓலைகளில் மிகச் சுவையானது பங்கீட்டுக் கணக்கு. களத்தில் நெல் குவிந்ததும் அரசும் குடியும் உடனே பகிர்ந்துகொள்வதில்லை. முதலில் பொதுவுக்குரிய பங்குகள் எடுக்கப்படும். சுதந்திரம் என்றும் மேரை என்றும் அவற்றுக்குப் பெயர். ஊர்க்கோயிலுக்கு ஒரு பங்கு. தொலைவிலுள்ள பெருங்கோயிலுக்கும் ஒரு பங்கு. கணக்கருக்கும், காவல் காப்பவருக்கும், தச்சருக்கும், கொல்லருக்கும், குயவருக்கும், துணி வெளுப்பவருக்கும், முடி திருத்துபவருக்கும், ஏரி மதகு திறந்து நீர் பாய்ச்சுபவருக்கும் தனித்தனியே பங்குகள். பாளையக்காரரின் பங்கும் இதனுள் உண்டு. அவர் ஊர்க்காவலுக்குப் பொறுப்பாளி. மண்ணும் மரமும் நீரும் காத்தவர் அனைவரும் விளைவில் உரிமை பெற்றனர். சுதந்திரம் என்ற சொல் களத்துமேட்டில் இப்பொருளில் வழங்கியதை அறிந்தபோது நான் சற்று நேரம் ஏட்டை மூடிவைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆயினும் இக்கணக்கை ஒரு பொற்காலத்தின் சான்றாகக் காட்டுவாருடன் நான் உடன்படேன். காணியாட்சி உடைய மிராசுதாரர்களின் கையில் நிலம் இருந்தது. சேற்றில் இறங்கி உழுது நட்டு அறுத்தவருள் பெரும்பாலோர் நிலவுரிமை அற்றவர்; அவர்களுள் பலர் பிறப்பிலேயே ஆண்டானுக்குக் கட்டுப்பட்டவர். அவர்களுக்கு அளக்கப்பட்ட நெல் மிகக் குறைவு. ஓலை அதனையும் மறைக்காமலே காட்டுகிறது.

அளவை முடிந்து ஆறு ஆண்டுகள் சென்றன. 1780ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மைசூர் ஐதரலி பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து இறங்கினார். தொண்ணூறாயிரம் பேர் அப்படையில் இருந்தனர் என்பர். கும்பினிப் படையின் ஒரு பகுதி ஹெக்டர் மன்றோவின் தலைமையில் காஞ்சிபுரத்தில் இருந்தது. மற்றொரு பகுதி பெய்லி என்பவரின் கீழ் வடக்கிலிருந்து வந்தது. கொற்றலையாற்றில் வெள்ளம் பெருகியதால் பெய்லி சில நாள் தடைப்பட்டார். அத்தடை விதியாக முடிந்தது. செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்குச் சில கல் தொலைவிலுள்ள புள்ளலூரில் ஐதரும் அவர் மகன் திப்புவும் பெய்லியின் படையை வளைத்துக்கொண்டனர். மைசூர்ப் படையின் எறிவாணங்கள் பாய்ந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றிச் சிதறின. பெய்லி சிறைப்பட்டார். அவர் மீளவே இல்லை. 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அந்நகரின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போரின் ஓவியத்தை இன்றும் காணலாம்.

பக்சார்ப் போரில் வென்று புகழ்பெற்ற மன்றோ, பீரங்கி முழக்கம் கேட்கும் தொலைவில் இருந்தும் காலத்தில் உதவவில்லை. தோல்விச் செய்தி வந்ததும் தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். எங்கே சென்றார்? செங்கற்பட்டுக் கோட்டைக்கே சென்றார். சதுப்பும் ஏரியும் சூழ்ந்த அவ்வரண் அவரைக் காத்தது. அண்டை ஊர் மக்களுள் ஓடிவர முடிந்தவர்களுக்கும் அது புகலிடம் ஆயிற்று. ஐதரின் தாக்குதலுக்கு அது இறுதிவரை அடிபணியவில்லை.

கோட்டை நின்றது. நாடோ நிற்கவில்லை. ஜாகீரின் ஊர்கள் தீக்கிரையாயின, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஏரிக்கரைகள் உடைந்தன. 1784இல் போர் முடிந்தபோது பல ஊர்களில் எரிந்த சுவர்களும் மனித எலும்புகளுமே எஞ்சியிருந்தன என்று கும்பினியின் ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன. போரைப் பின்தொடர்ந்து பஞ்சம் வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை நோக்கி நடந்தனர். 1782இல் அங்கே அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஒரு சாவடி எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்ற அதன் அருகே வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் அதனைக் ‘கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி’ என்று வழங்கியதன் காரணம் இதுவே.

எங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு பழம்பொருள் காணாமற்போனால், என் பாட்டியார், “அது ஐதர் கலாபத்தில் போயிற்று” என்பார். முந்தின நாள் தொலைந்த கரண்டிக்கும் அவர் கூறும் விளக்கம் அதுவே. நாங்கள் நகைப்போம். அச்சொல்லுக்குள் இரண்டாயிரம் ஊர்களின் அழிவு உறைந்து கிடக்கிறது என்பதை, அவர் மறைந்து நெடுங்காலம் ஆன பின்னரே நூல்கள் எனக்கு உணர்த்தின. பார்னார்டின் ஓலைகள் கலாபத்துக்கு முந்திய நாட்டின் கடைசிப் படம் என்பதும் அப்பொழுதுதான் விளங்கிற்று.

போருக்குப் பின் கும்பினியார் ஜாகீரைத் தாமே ஆளத் தொடங்கினர். 1794இல் லயனல் பிளேசு என்பவர் கலெக்டராக வந்தார். சுறுசுறுப்பும் பிடிவாதமும் மிக்கவர். உடைந்த ஏரிகளைப் பழுதுபார்த்தார். பாளையக்காரரின் காவல் உரிமையையும் ஒழித்தார். வரியையும் உயர்த்தினார். மிராசுதாரர்கள் சில இடங்களில் பயிரிட மறுத்து ஊரைவிட்டு நீங்கித் தம் எதிர்ப்பைக் காட்டினர். அவரே மதுராந்தகம் ஏரியோடு இணைத்துப் பேசப்படும் துரை. ஆண்டுதோறும் உடைந்த அவ்வேரியின் கரையை ஒரு பெருமழை இரவில் வில்லேந்திய இருவர் காவல் காத்ததை அவர் கண்டார் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. ஏரி காத்த இராமர் என்று அங்குள்ள பெருமாளுக்குப் பெயர் வழங்குகிறது. கண்டது எதுவாயினும், 1798இல் தாயார் சந்நிதித் திருப்பணியை அவர் செய்வித்தார் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அக்கல்லில் அவர் கும்பினி ஜாகீரின் கலெக்டர் என்றே குறிக்கப்படுகிறார். ஜாகீர் என்ற சொல்லைக் கல்லில் காண விழைவார் அங்கே செல்லலாம்.

1802இல் ஜாகீர் மிட்டாக்களாகத் துண்டிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது, அம்முறை நிலைக்கவில்லை. பின்னர் அரசு ஒவ்வொரு குடியானவனிடமும் நேரே வரி பெறும் இரயத்துவாரி முறை பரவியது. அதனை முன்னின்று வளர்த்தவர், பின்னாளில் சென்னை ஆளுநராக விளங்கிய தாமசு மன்றோ. 1780இல், பத்தொன்பது வயது இளைஞராக, ஹெக்டர் மன்றோவின் படையில் சேர்ந்து காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் பின்வாங்கியவர்களுள் அவரும் ஒருவர். எரிந்த ஊர்களை அவர் கண்கள் கண்டிருக்கும். அக்காட்சிக்கும் அவரது பிற்காலக் கொள்கைக்கும் தொடர்பு உண்டோ என்று நான் சில வேளை எண்ணுவது உண்டு.

ஜப்பானில் சிற்றரசுகளின் காலம் 1871இல் முடிந்தது. அவ்வாண்டு ஹான்கள் யாவும் ஒழிக்கப்பட்டு மாவட்டங்கள் ஆயின. மறு ஆண்டே கோமத்சுக் கோட்டை பிரித்தெடுக்கப்பட்டது. அகழிகள் தூர்ந்தன. நடுக் கோபுரம் நின்ற கல்மேடை மட்டும் எஞ்சியது. கோட்டையின் உட்பகுதியில் இன்று ஓர் உயர்நிலைப் பள்ளி நடைபெறுகிறது. நம் கோட்டையும் ஒரு பள்ளியைக் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குற்றம் செய்த சிறுவரைத் திருத்தும் பள்ளி அதனுள் அமைந்தது. கோட்டை நிலத்தின் ஊடே இருப்புப்பாதை போடப்பட்டது. தேர் வடிவில் கட்டப்பட்ட இராசமகால் என்னும் மண்டபம் பழம்பெருமைக்குச் சான்றாய் நின்றது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டியில் அமர்ந்திருப்போர் ஏரியைக் கண்டு மகிழ்கின்றனர். அரணைக் கடந்து செல்கிறோம் என்று அறிபவர் மிகச் சிலரே.

ஆனால் ஜாகீரின் மற்றோர் அரண் இன்னும் முற்றும் அழியவில்லை. ஏரி மாவட்டம் என்று பேர்பெற்ற இந்நிலத்தில், மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழேரிக்கு நீர் செல்லும்; அது நிரம்பினால் அடுத்த ஏரிக்குச் செல்லும். தொழிற்சாலைகள் எழுந்தபோது பல வயல்கள் மேடாயின. வயல் போனபின் கால்வாய் எதற்கு என்று எண்ணியவர்கள் கால்வாயையும் மேடாக்கினர். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டது. அடையாற்றில் வெள்ளம் பெருகிச் சென்னை தத்தளித்தது. எங்கள் பகுதியிலும் தொழிற்சாலைகள் சில நாள் மூடிக்கிடந்தன.

மழை விட்ட மூன்றாம் நாள் எங்கள் ஊர் ஏரிக்கரையில் பலர் கூடி நின்றோம். புதிய மதில் ஒன்றை இடித்துக்கொண்டு நீர் ஓடியிருந்தது. “இவ்வழியே நீர் வரும் என்று யார் கண்டார்கள்?” என்று ஓர் இளைஞர் வியந்தார். பல்லாண்டு மடை திறந்து நீர் பாய்ச்சிய முதியவர் ஒருவர் தம் கைத்தடியால் நீரோடிய தடத்தைச் சுட்டினார். “தம்பி, இது வழி தவறி வந்த நீர் அன்று. இதுதான் கீழேரிக்குப் போகும் பழைய வரத்துக்கால்” என்றார். அத்தடத்தின் இருபுறமும் கரை இருந்த இடத்தில் பனைமரங்கள் மூன்று வரிசையாய் நின்றிருந்தன.